அருளப்பனுக்கு முன்னால் ஒரு பெயர்

கல்லறைக் கல் தயாராகிவிட்டது. பிறந்த வருஷம், இறந்த தேதி, ஒரு சிலுவை, நடுவில் 'அருளப்பன்' என்ற பெயர் எல்லாம் செதுக்கியாயிற்று. பெயருக்கு மேலே மட்டும் ஒரு வரி அகலத்துக்குக் கல் வெறுமையாக இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் ஜேசுதாஸ் 1989-ஆம் வருஷம் டிசம்பர் மாதக் காலையொன்றில் அத்தாயி வீட்டுக் கதவைத் தட்டினார்.

அத்தாயி சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் ரத்தப் பரிசோதனை செய்தவர். ஓய்வு பெற்று ஏற்காட்டுக்கே திரும்பி, ஒண்டிக்கடைச் சந்திப்புக்குப் பின்னால் சின்ன வீடு ஒன்றில் இருந்தார். ஊரார் அவரை 'ரத்தக்காரம்மா' என்றார்கள். நாய் காணாமல் போனாலும் நகை காணாமல் போனாலும் போலீசுக்குப் போகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பழக்கமாகியிருந்தது.

கதவைத் திறந்தவர் வேலுசாமி. சேலம் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் விசில் ஊதியவர். வேலை போனாலும் விசில் ஊதும் ஆசை போகவில்லை. தினமும் காலையில் பேப்பர் படிக்க வருவதாகச் சொல்லி வந்து, சாயங்காலம் வரை ஏதாவது வழக்கு வராதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அப்பா செத்து ரெண்டு மாசம் ஆச்சுங்க" என்றார் ஜேசுதாஸ். அவருக்கு ஐம்பத்தொரு வயது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். "கடைசியா அவர் கேட்டது ஒண்ணுதானுங்க. என் கல்லுல என் அப்பன் பேரைப் போட்டுருன்னாரு. எந்தப் பேரைங்க போடறது? எங்க ஊட்டுல எல்லார் பேருக்கும் முன்னால கார்வெல்னு இருக்குது. கார்வெல் அருளப்பன், கார்வெல் ஜேசுதாஸ். வெள்ளைக்காரக் கார்வெல் துரைக்கும் மலைக்காரப் பொண்ணு ஒருத்திக்கும் பொறந்தவர் அப்பான்னு ஊரே பேசுது. அப்பா அதை ஆமான்னும் சொன்னதில்லை, இல்லைன்னும் சொன்னதில்லைங்க. எனக்கு நெசம் தெரியணும்."

"துரைதான்னு நினைக்கக் காரணம் ஏதாச்சும் இருக்குதுங்களா, பேரைத் தவிர?" என்று கேட்டார் அத்தாயி.

"இருக்குதுங்க. துரைக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுமாம். காப்பிப் பழம் எது, காய் எதுன்னு பக்கத்துல ஒருத்தர் நின்னு சொல்லணுமாம். எங்கப்பாவும் அப்படித்தானுங்க. பழம் பறிக்க விட்டா பாதிக்குப் பாதி காயாத்தான் கூடைக்கு வரும். அதனாலயே அவரை வாட்ச்மேன் வேலைக்குப் போட்டுட்டாங்க. இப்ப என் தங்கச்சி ஆரோக்கியசெல்வி பையனையும் ரயில்வேக்காரங்க கண்ணுல அதே கோளாறுன்னு தள்ளிட்டாங்க. துரை ரத்தம் மூணு தலைமுறையா ஓடுதுங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க."

வேலுசாமி அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இதுல துப்பறிய என்ன இருக்குதுங்க அம்மிணி? துரையேதான். அருளப்பண்ணன் கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருஷம் இருக்கும். இதே மாதிரி குளிர் காலம். அவரும் தலைச்சோலை மாதப்பனும் என் பஸ்ஸுல ஒரே சீட்டுல உக்காந்திருந்தாங்க. அருளப்பண்ணனுக்குச் சேலத்துக்குச் சிவப்பு டிக்கெட். மாதப்பனுக்கு அடிவாரத்துக்குப் பச்சை. ரெண்டு பேரும் கண்ணாடி போடாத ஆளுக. எப்படியோ டிக்கெட்டை மாத்தி வச்சுக்கிட்டாங்க. அடிவாரத்துல செக்கிங் ஏறுது. மாதப்பன் சிவப்பைக் காட்டி எறங்கறாரு, இவரு பச்சையைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நான் போட்ட சத்தத்துல பஸ்ஸே சிரிச்சுது. நிறம் தெரியாத ரெண்டு பேரு ஒரே சீட்டுக்குத்தான் வந்து சேரணுமான்னு கேட்டேன்."

அத்தாயி சிரிக்கவில்லை. ஜேசுதாஸ் கொண்டு வந்திருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருளப்பன் கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கால் மேல் இருந்தது. இடது கை கம்பளிக்குள் இருந்தது.

"எப்பவும் இப்படித்தானுங்க" என்றார் ஜேசுதாஸ். "இடது கை மோதிர விரல்ல நுனி இல்லை. வெக்கப்பட்டு மறைச்சுக்குவாரு. எப்படிப் போச்சுன்னு அவருக்கே தெரியாது. சின்னப் புள்ளையில கன்னியாஸ்திரீங்க மடத்துல சேர்த்தப்பவே அப்படித்தான் இருந்ததாம்."

"இதை நான் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார் அத்தாயி. பிறகு வேலுசாமியிடம் திரும்பினார். "கண்டக்டரே, பங்குச் சாமியாரைப் பார்த்துப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டுல அருளப்பன் இருக்கற பக்கத்தை எழுதிட்டு வாங்க. அவர் வரியை மட்டுமில்லைங்க, முழுப் பக்கத்தையும்."

மறுநாள் வேலுசாமி மூச்சு வாங்க வந்தார். முகத்தில் ஒரு தீபாவளியே இருந்தது. "அம்மிணி, துரை சாதாரண ஆளில்லைங்க. 1918 நவம்பர்ல ஒரே நாளுல ஆறு புள்ளைகளுக்கு ஞானஸ்நானம். அதுல நாலு பேருக்குப் பேருக்குப் பின்னால கார்வெல்னு எழுதியிருக்குது. வயசு மூணு, நாலு, நாலு, அஞ்சு. அருளப்பனுக்கு நாலு."

ஜேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"மிச்சம் ரெண்டு பேருக்கு?" என்று கேட்டார் அத்தாயி.

"ஹில்கிரெஸ்ட்."

"ஹில்கிரெஸ்ட் துரையைப் பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"அது துரை இல்லைங்களே. மேல இருக்கற எஸ்டேட்டு பேரு..." என்று தொடங்கிய வேலுசாமி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கார்வெலும் எஸ்டேட்டு பேருதான். அந்த எஸ்டேட்டுல இருந்ததாலதான் துரையையும் கார்வெல் துரைன்னாங்க" என்றார் அத்தாயி. "அந்த வருஷம் விஷக் காய்ச்சல்ல கூலிக்காரங்க லைன் லைனாச் செத்தாங்க. அநாதையான குழந்தைகளை மடத்துல சேர்த்தாங்க. நாலு வயசுக் குழந்தைகிட்ட அப்பன் பேரைக் கேட்டா அப்பான்னுதானே சொல்லும்? அதனால எங்கிருந்து தூக்கிட்டு வந்தாங்களோ அந்த எஸ்டேட்டைச் சாமியார் எழுதி வச்சாரு. நம்ம ஆளுக பேருக்கு முன்னால ஊரையும் போடுவோம், அப்பனையும் போடுவோம். பின்னால பார்த்தவங்க ஊரை அப்பன்னு எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப அந்தக் கண்ணு?"

"துரை தன் மகனுக்குக் கொடுக்க முடியாத சொத்து அது ஒண்ணுதானுங்க. இந்தக் குறையை ஆம்பளைக்கு அம்மாதான் கொடுக்க முடியும். அப்பன்கிட்டருந்து மகனுக்கு வராது, மகளுக்குப் போகும். அவளுக்குப் பெரும்பாலும் வெளியில தெரியாது. அவ தன் மகனுக்குக் கொடுப்பா. உங்க ஊட்டையே பாருங்க ஜேசுதாஸ். அருளப்பனுக்கு இருந்தது மகனான உங்களுக்கு வரலை. மக வழியாப் பேரனுக்குப் போயிருக்குது. அதே கணக்குல அருளப்பனுக்கு அது அவங்க அம்மாகிட்டருந்து வந்தது. துரைதான் அப்பன்னு சொல்ல ரெண்டு சாட்சி இருந்தாங்க. ஒண்ணு பேரு, ஒண்ணு கண்ணு. ரெண்டும் இப்ப இல்லை."

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி சில்வர் ஓக் மரங்களைப் பாதி மறைத்திருந்தது. "எனக்குன்னு இருந்த ஒரே தாத்தாவையும் இல்லைன்னு ஆக்கிட்டீங்க" என்றார் ஜேசுதாஸ். அதில் கோபம் இல்லை. எங்கே போவது என்று தெரியாத மனிதரின் ஏக்கம்தான் இருந்தது. அத்தாயிக்கே அது பொறுக்கவில்லை.

"கண்டக்டர் சொன்ன கதையை மறந்துட்டீங்களா?" என்றார் மெதுவாக. "ஒருத்தருக்கு மட்டும் நிறம் தெரியலைன்னா இன்னொருத்தர் பார்த்ததும் சொல்லியிருப்பாரே, இது என்னுது இல்லைன்னு. ரெண்டு பேருமே சொல்லலை. நிறம் தெரியாத ஆம்பளைக பல குடும்பத்துல இருப்பாங்க, எதேச்சையா இருக்கலாம். ஆனா ஒரே அம்மா பெத்த ரெண்டு பேருன்னா அதிசயமே இல்லை. மாதப்பனுக்கு இப்ப என்ன வயசு?"

"எம்பதுக்கு மேல" என்றார் வேலுசாமி. அவர் குரல் இறங்கியிருந்தது. சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை இப்போது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அன்றே மூவரும் தலைச்சோலைக்குப் போனார்கள். மாதப்பன் களத்தில் காப்பி காயவைத்திருந்த பாய்க்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அத்தாயி ஜேசுதாஸுக்கு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். விரலைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. கிழவராகச் சொன்னால்தான் அது சாட்சி.

"காய்ச்சல் வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டார் அத்தாயி.

"இல்லாம என்னங்க. எனக்குப் பத்து வயசு. எங்கப்பன் அங்கப்பனும் ஆத்தாளும் கார்வெல் எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போனாங்க. சின்னப் புள்ளைன்னு தம்பியைக் கூடக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் இங்க பெரியப்பன் ஊட்டுல ஆடு மேய்ச்சிட்டு நின்னுட்டேன். நாங்க போய்ப் பார்க்கறப்ப எல்லாரையும் ஒரே குழியில போட்டு மூடிட்டதாச் சொன்னாங்க." கிழவர் பாயிலிருந்து ஒரு காப்பிக்கொட்டையை எடுத்து உருட்டினார். "நான் நம்பலீங்க. தம்பி ஐயாக்கண்ணு செத்திருக்க மாட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். சின்னப் பையன் சொன்னா யாருங்க கேக்கறாங்க. அப்புறம் எத்தனையோ கூட்டத்துல தேடினேன். ஆளுக மூஞ்சியைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன்."

"கையை எதுக்குங்க?"

"முந்தின வருசம் பழம் உரிக்கற மிசின்ல கையை வுட்டுட்டானுங்க. எடது கையி, மோதர வெரலு. நுனி போயிருச்சு. என் துண்டைக் கிழிச்சு நாந்தான் கட்டினேன்."

அத்தாயி போட்டோவை நீட்டவில்லை. அதில் அந்தக் கை தெரியாது. ஜேசுதாஸ்தான் கிழவரின் காலைத் தொட்டார். "பெரியப்பா, நான் ஐயாக்கண்ணு மகனுங்க" என்றார்.

மாதப்பன் அவரைப் பார்க்கவில்லை. அவர் பின்னால், வந்த பாதையைப் பார்த்தார். "அவன் வரலியா?"

அத்தாயிதான் சொன்னார். ரெண்டு மாசம் முன்னால் என்றார்.

கிழவர் தலையை ஆட்டினார். "எழுவது வருசம் இருந்தவன். இன்னும் ரெண்டு மாசம் இருந்திருக்கக் கூடாதா சாமி."

வேலுசாமிக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அருகே போய் உட்கார்ந்து, அந்தப் பஸ்ஸையும் மாறிப்போன டிக்கெட்டையும் சொன்னார். "பக்கத்துல இருந்தது உங்க தம்பிதானுங்க. நான்தான் ரெண்டு பேரையும் சத்தம் போட்டேன்."

கிழவர் நினைத்துப் பார்த்தார். "கம்பளி போத்தியிருந்தவரு. நொம்பக் குளிருதுன்னு சொன்னேன். பாதிக் கம்பளியை என் மேல போட்டு வுட்டாரு. கை தெரியலீங்களே. கையை வெளிய எடுக்கவே இல்லையே அவரு."

பத்து நாள் கழித்துக் கல் நட்டார்கள். வெறுமையாக இருந்த வரியில் 'அங்கப்பன் மகன் ஐயாக்கண்ணு என்னும் கார்வெல்' என்று ஏறியிருந்தது. கீழே முன்பே செதுக்கியிருந்த 'அருளப்பன்' அதோடு சேர்ந்துகொண்டது. கார்வெலை எடுத்துவிடலாமே என்று வேலுசாமி கேட்டபோது ஜேசுதாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "அது துரை பேரா இருந்தா எடுத்திருப்பேனுங்க. அந்த எஸ்டேட்டு மண்ணுலதான் எங்க தாத்தாவும் பாட்டியும் கெடக்கறாங்க. இப்பத்தான் அது எங்க ஊரு."

மாதப்பன் ஒரு சின்னக் கூடையோடு வந்திருந்தார். எண்பத்தொரு வயதில் முதல் தடவையாகத் தானே செடிக்குச் செடி போய்ப் பறித்த காப்பிப் பழம் என்றார். தம்பிக்கென்று நல்ல பழமாகப் பார்த்து எடுத்ததாகச் சொன்னார். கூடையைக் கல்லின் காலடியில் கவிழ்த்தார். பாதி சிவப்பாக இருந்தது, பாதி பச்சைக் காய்.

வேலுசாமி குனிந்து காய்களைப் பொறுக்கப் போனார். அத்தாயி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நல்லாப் பழுத்திருக்குதுங்களா?" என்று கேட்டார் மாதப்பன்.

"எல்லாமே நல்ல பழமுங்க பெரியப்பா" என்றார் ஜேசுதாஸ்.