வெட்டிய கேக்கின் படம்

டிசம்பர் இருபத்து மூன்று, காலை ஏழு மணி. ரெட்டியார்பாளையத்தில் பெர்னதெத் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்த சபினுக்கு அதைப் பார்த்ததும் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

சபினும் வீட்டில் கேக் செய்து விற்பவள்தான். இருவரும் ஒரே பள்ளியில் படித்தார்கள், ஒரே கோவிலில் பூசை பார்க்கிறார்கள், கிறிஸ்துமஸுக்கு இருவரும் செய்வது அதே விவிக்கம் கேக். ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழங்களும் போட்டுப் பாண்டிச்சேரிக்காரர்கள் சுடுவது. இருந்தும் ஊர்ச்சனம் போய் நிற்பது பெர்னதெத் வாசலில்தான். அவள் கையில் என்ன தேனா வடிகிறது என்று சபின் கேட்டுக்கொள்ளாத நாளே கிடையாது.

ஆனால் இன்றைய கூட்டம் கேக் வாங்க வரிசையில் நிற்கவில்லை. சண்டைக்கு நின்றது.

"முழுப்பணமும் கட்டியாச்சு. கேக் எங்க?"

"நான் யார்கிட்டயும் முன்பணம் வாங்குற வழக்கமே இல்லியே" என்று பெர்னதெத் கையைப் பிசைந்தாள்.

விஷயம் இதுதான். அவள் கேக் படங்களைத் திருடி, அவள் பெயரிலேயே யாரோ நெட்டில் ஒரு போலிப் பக்கம் தொடங்கியிருந்தார்கள். 'கிறிஸ்துமஸ் சலுகை, பாதி விலை, இன்றே பணம் கட்டினால் மட்டும்.' கூடவே ஒரு கியூஆர் கோடு. ஊரே அதில் பணத்தைக் கொட்டியிருந்தது.

சபினுக்கு உள்ளுக்குள் இனித்தது. ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே இனித்தது. ஆனால் அந்த இனிப்பு தொண்டையைத் தாண்டுவதற்குள் பொலின் போனை உயர்த்திக் காட்டினாள். பொலின் மூன்று தெரு தள்ளி இருப்பவள், பெர்னதெத்தின் நெருங்கிய சிநேகிதி.

"நானும்தான் ஏமாந்தேன். இந்தப் படத்தப் பாருங்க. பெர்னதெத் எப்பவாச்சும் வெட்டின கேக்கப் படம் போட்டிருக்காளா? உள்ள என்னா இருக்குன்னு யாருக்கும் காட்ட மாட்டா. இந்தத் தெருவுல வெட்டி வெட்டிப் படம் போடுறது யாரு?"

எல்லாத் தலையும் மாடியை நோக்கித் திரும்பியது. சபின் கையிலிருந்த ஈரத்துணி நழுவிக் கீழே விழுந்தது.

பத்து மணிக்குள் அவளுடைய ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாகின. 'உன்கிட்ட இத எதிர்பாக்கல' என்று ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். பண்டிகைக்கென்று கடன் சொல்லி வாங்கிய முந்திரி மூட்டை அடுப்படியில் கிடந்தது. அது போனால் போகிறது. நாளை நடுராத்திரிப் பூசைக்கு எந்த முகத்தோடு போவது?

மாலை நான்கு மணி. பெர்னதெத் வீட்டுக் கூடம். உதவி ஆய்வாளர் சிலம்பரசன் சபினையும் வரச்சொல்லியிருந்தார். பொலின் தன் கணவர் மிக்காயேலோடு உட்கார்ந்திருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர் அவர், காது கொஞ்சம் மந்தம், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் இருந்தார்.

"பணம் கட்டுனவங்க எல்லாரையும் கேட்டேன்" என்றார் சிலம்பரசன். "பின் நம்பர் போடுறதுக்கு முன்னாடி, காசு யாருக்குப் போவுதுன்னு பேரு வருமில்ல, படிச்சீங்களான்னு. ஒருத்தரும் படிக்கல. வந்த பேரு சின்னப்பாப்பா. பெர்னதெத்துக்குக் குடுக்குற காசு சின்னப்பாப்பாவுக்கு எதுக்குப் போவுதுன்னு யாருக்கும் உறைக்கல. ஒரே ஒரு போன் இவங்களுக்கு அடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும் கத."

"யாரு சார் அந்தச் சின்னப்பாப்பா?" என்றாள் பெர்னதெத்.

"தெரியல. உடனே சைபர் புகார் நம்பர் 1930க்கு அடிச்ச ரெண்டு பேரு காச முடக்கி வெச்சிருக்காங்க. மத்த விவரம் பேங்குல இருந்து வரணும். சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ்னு மூணு நாளு லீவு முடியணும்." சபினைப் பார்த்தார். "அதுவரைக்கும் இந்தப் படம்தான் துப்பு. உங்க கேக்கா?"

சபின் வாங்கிப் பார்த்தாள். வட்ட கேக்கில் முக்கோணமாய் ஒரு துண்டு எடுத்திருந்தது. உள்ளே ஆரஞ்சுத் தோல் நீளநீளமாய்த் தெரிந்தது. மேலே, பளபளக்கும் சர்க்கரைப் பூச்சில், வரிசையாக மூன்று சின்ன ஓட்டைகள்.

"அந்த ஓட்டையப் பாருங்க" என்றார் அவர். "வெந்துச்சான்னு குச்சி விட்டுப் பாத்தது. சுடுறவங்கதான செய்வாங்க?"

"இது என் கேக் இல்ல சார். நான் தோலப் பொடியா நறுக்குவேன்."

பெர்னதெத் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இது என்னுது. தோல இப்படி நீளமா போட்டது இந்த வருஷந்தான். ஆனா இந்தப் படம் நெட்டுக்கு வந்தப்போ நான் சுட்டிருந்ததே மூணு கேக்குதான்."

"யார் யாருக்குப் போச்சு?"

"ஒன்னு பாரீசுல இருக்கிற மகளுக்கு அனுப்பினேன். இன்னும் போய்ச் சேரல. ஒன்னு பொலினுக்கு, அவ வீட்டுக்காரரு பொறந்தநாளுன்னு. இன்னொன்னு, பெரிய மார்க்கெட்டுல மீன் விக்குற வீராயின்னு ஒரு அம்மா, கையில காசு குடுத்து வாங்கிட்டுப் போச்சு."

"மீன்காரிக்கு விவிக்கம் கேக்கா?" என்றாள் பொலின். "அவளத்தான் சார் பிடிக்கணும்."

சிலம்பரசன் எழுந்தார். "மார்க்கெட்டுக்குப் போயி அந்தம்மாவக் கூட்டியாரேன்."

சபின் அவர் வாசல் பக்கம் போவதைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் பாவப்பட்ட ஒரு பொம்பளை ஜீப்பில் ஏறுவாள். பெர்னதெத் முன்னால், வேறு யார் முன்னாலும் இல்லை, பெர்னதெத் முன்னால் இதைச் சொல்வதற்குப் பதில் ஜெயிலுக்கே போகலாம் என்று தோன்றியது.

"வீராயிய விடுங்க சார். அனுப்பினது நான்."

"நீயா?" என்றாள் பெர்னதெத்.

"நான்தான். உன் கேக்குல அப்படி என்னா இருக்குன்னு பாக்கணும்னு இருந்துச்சு. பொறாம. போதுமா?"

"நான் சொல்லல?" என்றாள் பொலின். "வாங்கி, வெட்டி, படம் எடுத்துப் போட்டுட்டா."

"இருங்க" என்று சபின் விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு டப்பா. உள்ளே, நடுவில் நேராகப் பிளந்த கேக்கின் இரண்டு பாதிகள். ஓரத்தில் ஒரே ஒரு வாய் மட்டும் குறைந்திருந்தது. இரண்டு பாதியின் மேல்பூச்சும் கண்ணாடி போல் வழவழவென்று இருந்தது.

"இதுல முக்கோணம் எடுக்கல. ஓட்டையும் இல்ல. பெர்னதெத், நீ எப்போ குச்சி விட்டுப் பாப்ப?"

"அடுப்புல இருந்து எடுத்ததும்."

"பூச்சு?"

"ஆறின பொறவு." சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். "அப்போ குச்சி விட்ட ஓட்டைய பூச்சு மூடிடுமே."

"மூடிடும். படத்துல இருக்குற ஓட்டை பூச்சு மேலயே விழுந்திருக்கு. அதுவும் வரிசையா மூணு. கேக் உன் வீட்ட விட்டுப் போன பொறவு யாரோ எதையோ குத்தியிருக்காங்க." சபின் பொலின் பக்கம் பார்க்கவில்லை. அவள் கணவரிடம் திரும்பிச் சத்தமாகக் கேட்டாள். "அண்ணே, உங்க பொறந்தநாளு எப்படிப் போச்சு?"

மிக்காயேலின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லா. எழுபது மெழுகுவத்தி எங்க வெக்கிறதுன்னு பொலின் மூணே மூணு வெச்சா. நான் வெட்டினதும் போட்டோவெல்லாம் எடுத்தா."

பொலின் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொன்னு" என்றாள் சபின். "மூணு தெரு தள்ளி இருக்கிறவங்க, பெர்னதெத் நம்பர் கையில இருக்கிறவங்க, நெட்டுல போயி எதுக்கு ஆர்டர் போடணும்? காலையில இருந்து இது எனக்கு இடிச்சுக்கிட்டே இருக்கு."

சிலம்பரசன் மிக்காயேல் காதருகே குனிந்து கேட்டார். "ஐயா, சின்னப்பாப்பாவ உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? எங்க வீட்டுல வேல பாத்தவ, ஊருக்குப் போயிட்டா. எழுதப் படிக்கத் தெரியாதுன்னு பேங்குல கணக்கெல்லாம் பொலின்தான் ஆரம்பிச்சுக் குடுத்தா. அந்த ஏடிஎம் கார்டும் நம்ம வீட்டுலதான கெடக்கு, இல்ல பொலின்?"

மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று விளங்கியது.

"பெர்னதெத்துக்கு நெட்டுல பக்கம் தொடங்கிக் குடுத்ததே நான்" என்றாள் பொலின். "படம் புடிச்சுப் போட்டது நான். ஊரக் கூட்டினது நான். பேரு மட்டும் அவளுக்கு. என் வீட்டுக்காரரு பொறந்தநாளு கேக்குக்கு ஒரு ரூபா கொறைக்காம முழுக்காசு வாங்கினா, தெரியுமா உங்களுக்கு?"

"அதுக்கு ஊரு காசையா எடுப்ப?" என்றாள் பெர்னதெத். "பழிய இவ மேல போடுறதுக்குன்னே வெட்டின படமாப் போட்டியா?"

பொலினை ஜீப்பில் ஏற்றியபோது மிக்காயேலும் கூடவே ஏறிக்கொண்டார். அவரை யாரும் தடுக்கவில்லை.

சபின் டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பினாள். பொலினைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னதில் பாதி சபின் மனசிலும் பல வருஷமாகக் கிடந்ததுதான்.

"நில்லு" என்றாள் பெர்னதெத். "ஒரு வாய்தான தின்னிருக்க. நல்லா இல்லியா?"

கசக்குது என்று சொல்லிவிடலாம். எத்தனை வருஷமாய்க் காத்திருந்த சந்தர்ப்பம்.

"நல்லா இருந்துச்சு" என்றாள் சபின். "அதான் அதுக்கு மேல எறங்கல."

பெர்னதெத் வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த தடவ வீராயிய அனுப்பாத. நீயே வா" என்றாள். "காசு மட்டும் முழுசாத்தான் வாங்குவேன்."