சிதறிய சாணைக்கல்

"எம் ஊட்டுக்காரரு வேணும்னே பார்த்திபன் கண்ணுல அடிபட வச்சிட்டாருன்னு சொல்றாங்க மேடம். போலீஸ் வந்துகினு இருக்கு. நீங்க வந்தீங்கன்னா உண்டு, இல்லன்னா இல்ல."

சாராள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கலியன் ஆட்டோவைக் கிளப்பிவிட்டார். பல வருஷம் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்த அருணா, இப்போது இப்படிப்பட்ட விவகாரங்களைத் தனியாக விசாரித்துக் கொடுக்கிறார். கலியன் அவருடைய ஆட்டோக்காரர், ஆனால் தன்னைப் பாதித் துப்பறிவாளர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அருணா யோசித்து முடிக்கும் முன் நாலு பேரையாவது குற்றவாளி ஆக்கிவிடுவார்.

வழியிலேயே சாராள் விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவர் இம்மானுவேலுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மரக்கடைசல் பட்டறையில் வேலை. கடைசல் உளிகளைத் தீட்டுவதும், கிரைண்டருக்குச் சாணைக்கல் தேர்ந்தெடுத்து மாட்டுவதும் அவர் பொறுப்பு. ஆயுதபூஜை விடுமுறை கழிந்து இன்று பட்டறை திறந்தது. மறுபூஜை முடிந்ததும் உடன் வேலை செய்யும் பார்த்திபன் உளி தீட்ட கிரைண்டர் சுவிட்சைப் போட, அதன் இரண்டு கற்களில் இடப்பக்கக் கல் வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு அவன் கண்ணோரம் பாய்ந்தது. போன வாரம்தான் அவனுக்கும் இம்மானுவேலுக்கும் உளி மழுங்கியது பற்றிப் பெரிய வாய்த்தகராறு.

"அப்ப நம்மாளு மேலதான் விரல் நீளும்," என்றார் கலியன். சாராள் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பட்டறை வாசலில் உதவி ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இம்மானுவேல் ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அருணா கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினார்.

உள்ளே பூஜை வாசனை இன்னும் போகவில்லை. கடைசல் மெஷின், வாள், கதவு என்று திரும்பிய பக்கமெல்லாம் சந்தனமும் குங்குமமும். கிரைண்டரின் பக்கவாட்டில் மூடியே இல்லை. வலப்பக்க வெள்ளைக் கல்லில் குங்குமம் ஊறிச் சிவந்திருந்தது.

அருணா சிதறிய துண்டுகளைப் பொறுக்கி, செய்தித்தாளில் வட்டமாகச் சேர்த்து வைத்தார். பிறகு ஒரு துண்டின் உடைந்த ஓரத்தை உதவி ஆய்வாளரிடம் காட்டினார். பாதி வெள்ளை, பாதி அழுக்கேறிய கறுப்பு.

"பழைய விரிசல். வெடிக்கிறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு."

"அத்தாங்க நானும் சொல்றேன்," என்றான் மேற்பார்வையாளர் சரவணகுமார். "கல்ல தட்டிப் பாத்து, கணீர்னு சத்தம் வந்தாத்தான் மாட்டுவான். விரிசல் இருந்தா டொப்புனு கேக்கும். தெரிஞ்சேதான் மாட்டியிருக்கான். பூசைக்கு முன்னாடி அவன் இத மாட்டறத என் கண்ணால பாத்தேன்."

"அது நான் வேணாம்னு ஓரங்கட்டின கல்லு, மேடம்," என்றார் இம்மானுவேல்.

கலியன் மனசு உடைந்துபோனது. கேஸ் முடிந்தது என்றே நினைத்தார். அருணாவோ பட்டறை பெருக்கும் முத்தம்மாவிடம் திரும்பினார்.

"பொட்டு வச்சது நீங்கதானே? ஏதாவது விட்டுப்போச்சா?"

"இன்னாத்துக்கு விடப்போறேன்? வெளக்கமாத்துக்குக் கூட வச்சேன். இந்த ரெண்டு கல்லுக்கும், ரெண்டு பக்கமும் வச்சேன்."

"பூஜை முடிஞ்சப்புறம் இம்மானுவேல்?"

"பொரி வாங்கிக்கினு பொண்டாட்டியோட ஆரணிக்கு பஸ் ஏறிட்டாரு. நாந்தான் கூட நின்னு ஏத்திவுட்டேன். இன்னிக்கு அவரு வரசொல்ல கல்லு வெடிச்சிட்டிருந்துச்சி."

"சாவி?"

"வழக்கம்போல சரவணகுமார்கிட்ட குடுத்துட்டேன்," என்றார் முதலாளி துளசிராமன்.

அருணா செய்தித்தாளைச் சுட்டினார். "வெள்ளைக் கல்லுல குங்குமம் பட்டா ஊறிடும், லேசுல போகாது. வலப்பக்கக் கல்லைப் பாருங்க. இந்தத் துண்டுகள்ல ஒரு பொட்டுச் சிவப்பாவது இருக்கா? பூஜையப்போ மெஷின்ல இருந்த கல் இது இல்ல. அந்தக் கல் எங்கேயாவது கிடக்கணும். கலியண்ணே, பின்னாடி மரத்தூள் குவியலைக் கொஞ்சம் கிளறுங்க."

கலியன் முழங்கை வரை மரத்தூளில் விட்டுத் துழாவினார். கொஞ்ச நேரத்தில் தும்மிக்கொண்டே ஒரு முழுக் கல்லோடு வந்தார். இரண்டு பக்கமும் குங்குமம், விளிம்பு மட்டும் வெள்ளியாகப் பளபளத்தது.

"அலுமினியம்," என்றார் அருணா. "கடைசல் உளிக்கு வெள்ளைக் கல்தான் தோது. லேசாப் பொடிஞ்சுக்கிட்டே தீட்டும், உளி அவ்வளவா சூடேறாது. அதுல அலுமினியத்த வச்சா துவாரமெல்லாம் அடைச்சிடும். இம்மானுவேல் அதைச் செய்ய மாட்டார். பூஜைக்கும் இன்னிக்கும் நடுவுல சாவியோட உள்ள வந்தவர் செஞ்சிருக்கார். பார்க்காததைப் பார்த்ததாச் சொன்னவரும் அவர்தான்."

எல்லார் கண்ணும் சரவணகுமார் மேல் விழுந்தது. அவன் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தான்.

"ஆரம்பாக்கத்துல புது ஊடு. ஜன்னல் சட்டம் கொஞ்சம் தேய்க்கலாம்னு வந்தேன். கல்லு அடைச்சிக்கிச்சி. பூசை போட்ட மெஷின ஓட்டுனேன்னு மொதலாளிக்குத் தெரிஞ்சா சீட்டு கிழிஞ்சிடும். ஓரமா கெடந்தத மாட்டிவச்சேன். காலைல எல்லாருக்கும் முன்னாடி வந்து நல்ல கல்லா மாத்திடலாம்னு இருந்தேன். தொறக்கசொல்லவே எல்லாரும் வந்து நின்னுட்டாங்க. மறுபூசை முடிஞ்சி மாத்தறதுக்குள்ள பார்த்திபன் முந்திக்கினான்."

"தட்டிப் பாத்தியா?" என்று கேட்டார் இம்மானுவேல்.

சரவணகுமார் தலையைக் கவிழ்த்தான்.

துளசிராமன் அவனைத் திட்ட வாயெடுத்தார். அருணா கிரைண்டரின் வெறும் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு மூடி இருந்திருந்தா அந்தத் துண்டு உள்ளேயே நின்னிருக்கும் சார். அது உங்க கணக்கு."

உதவி ஆய்வாளர் சரவணகுமாரை எழுப்பினார். வாசலில் இம்மானுவேல் அவனை மறித்துக்கொண்டு நின்றார். அடித்துவிடப் போகிறார் என்று கலியன் பதறி ஓடினார்.

"எனக்கு ஒரு போன் போட்டிருந்தா போதுமே சரவணா," என்றார் இம்மானுவேல். "திட்டியிருப்பேன். திட்டிக்கினே அடுத்த பஸ்ஸ புடிச்சி வந்து மாட்டிக் குடுத்திருப்பேன்."

சரவணகுமார் அப்போதுதான் அழ ஆரம்பித்தான். சாராள் கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். "அவன் அழுகைய அப்பறம் பாத்துக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வா, பார்த்திபனோட ஆத்தா அங்க தனியா உக்காந்துகினு இருக்கு."

கலியன் யாரும் கேட்காமலே ஆட்டோவைக் கிளப்பினார்.