இரண்டாம் கட்டிலின் மூச்சு

பகல் 12:20. தலைமையாசிரியர் அத்ரோபின் இதயம் நின்றுவிட்டது. மூச்சு இயந்திரம் மட்டும் அவர் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. யாரோ நினைவு வந்து அதை நிறுத்தினார்கள்.

கசலா நகரத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூர் மருத்துவமனையில் மூச்சு இயந்திரங்கள் மொத்தம் மூன்று. ஐந்து நாள் முன்பு ரிக்‌ஷா மோதி மண்டையில் அடிபட்ட அத்ரோப், மருந்து மயக்கத்தில் இரண்டாம் கட்டிலில் கிடந்தார். சுயமாக ஒரு மூச்சும் இல்லை. காலை பத்து மணிக்கு டாக்டர் தஹானி டார்ச் அடித்தபோது கண்ணின் பாவைகள் சுருங்கின. ஓர் அறுவை முடித்துப் பன்னிரண்டுக்குத் திரும்பியபோது இரண்டும் அகல விரிந்து அசையாமல் நின்றன. போலீசுக்கு ஆள் அனுப்பியது அவள்தான்.

1:05. கேப்டன் பாபிகர் வந்தார். அந்த வாரம் அவர் பார்க்கும் ஏழாவது பிணம் இது. நாற்காலி கிடைத்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"அடிபட்டு வந்த மனுஷன், செத்துப்போனார். இதுக்கு நான் எதுக்கு டாக்டரம்மா?"

"மூளை வீக்கம் நேத்திலிருந்து வடிஞ்சுக்கிட்டு இருந்தது. ரெண்டு மணி நேரத்துல திடீர்னு வீங்கி நசுங்கியிருக்கு. தானா அப்படி ஆகலாம்தான். ஆனா எனக்கு மனசு ஒப்பலை."

"மின்சாரம் போச்சா?"

"இல்லை."

"குழாயை யாராவது பிடுங்கி மாட்டியிருந்தா?"

"ரத்தத்துல ஆக்ஸிஜன் உடனே இறங்கும், மானிட்டர் கத்தும். நர்ஸ் பக்கத்துக் கட்டில்லயேதான் இருந்தாங்க. காலையிலிருந்து தொண்ணூத்தேழுக்குக் கீழே போகவே இல்லையாம்."

வராந்தாவிலிருந்து கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தான். "ஐயா, ஆள் கிடைச்சாச்சு."

வராந்தாத் தரையில் பாயில் ஒரு சிறுமி. பெயர் நுஸைபா, பதினோரு வயது. வெங்காய லாரியிலிருந்து விழுந்தவள். அவளுக்கு இயந்திரம் கிடைக்கவில்லை. வாயில் செருகிய குழாயின் முனையில் ரப்பர் பை. அதை அவள் அப்பா ஜாபிர் அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, நாற்பது மணி நேரமாக மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். விரல்கள் வீங்கியிருந்தன. பக்கத்தில், இடையிடையே கை மாற்றிக்கொள்ளும் அவர் மனைவி சுவரோடு சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

"மெஷின் காலியானா யாருக்கு லாபம் ஐயா? இவனுக்குத்தானே?" என்றான் கான்ஸ்டபிள்.

ஜாபிர் நிமிரவில்லை. "அடிக்கணும்னா அடிங்க. கையை மட்டும் பிடிக்காதீங்க."

"உன் சம்சாரம் எப்ப தூங்கினா?" என்றார் கேப்டன்.

"காலையில ஒன்பது மணிக்கு. எழுப்ப மனசு வரலை."

கேப்டன் கான்ஸ்டபிளைத் தள்ளிக்கொண்டு போனார். "ஒன்பதுலேருந்து இவர் ஒருத்தர்தான். கையை எடுத்திருந்தா செத்திருக்கிறது இவர் மகள்டா. போய் ரெண்டு காப்பி சொல்லு. இஞ்சி தூக்கலா."

1:40. அத்ரோபின் மனைவி ஸகீனா மரத்தடியில் இருந்தாள். தினமும் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை ஒருவர் மட்டும் உள்ளே உட்காரலாம். அந்த ஒரு மணி நேரம் அவளுடையது.

"இன்னைக்குக் கட்டில் பக்கத்துல யார் வந்தாங்க அக்கா?" என்றார் கேப்டன்.

"ஓஹாஜ் தம்பிதான். மெஷினைப் பார்த்து அட்டையில எழுதிட்டுப் போவாரு. வேற யாரும் வரலை. தப்பு என்மேலதான் ஐயா."

"என்ன தப்பு?"

"அவர் மூச்சு ஒண்ணுக்குத் தஸ்பீஹ் மாலையில மணி ஒண்ணுன்னு உருட்டி ஓதுவேன். தொண்ணூத்தொன்பது மணி. எந்த நாளும் போறதுக்குள்ள பத்துச் சுத்துக்கிட்ட வந்துரும். இன்னைக்கு அஞ்சுகூட முழுசா முடியலை. கண்ணசந்துட்டேனோ என்னவோ. நான் ஒழுங்கா ஓதியிருந்தா அவர்…"

கேப்டன் அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

2:15. இரண்டாம் கட்டிலின் அட்டையை வாங்கிப் பார்த்தார். பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. மூன்று வரியிலும் நிமிடத்துக்குப் பதினாறு மூச்சு. ஒரே கையெழுத்து.

"நர்சம்மா, இந்தக் கட்டிலோட ஆக்ஸிஜன் சிலிண்டர் எப்ப மாத்தினது?"

"நேத்து சாயங்காலம். ஒரு நாள் ஓடும். ஆனா பன்னெண்டுக்குள்ளயே தீர்ந்துபோச்சுன்னு ஓஹாஜ் புதுசு மாட்டினான். கசியுதுன்னான்."

அவர் சிலிண்டரின் மூட்டில் சோப்பு நுரை தடவச் சொன்னார். ஒரு குமிழிகூட வரவில்லை.

2:40. மூச்சு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அந்த மருத்துவமனையில் ஓஹாஜ் ஒருவன்தான். முப்பத்தாறு மணி நேரமாக வீட்டுக்குப் போகவில்லை. கண்கள் செங்கல் நிறத்தில் இருந்தன.

"மூச்சைப் பாதியாக் குறைச்சா என்ன ஆகும் தம்பி?"

"ஆக்ஸிஜன் இறங்கும், கேப்டன்."

"ஆக்ஸிஜனைக் கூடவே ஏத்தி விட்டா?"

வாசலில் நின்ற தஹானிதான் மெல்லச் சொன்னாள். "மானிட்டர்ல ஒண்ணும் தெரியாது. ஆனா கெட்ட காத்து வெளியே போகாம ரத்தத்துல சேரும். அடிபட்ட மூளை வீங்கும்… யா அல்லாஹ்."

"ஒரு மணி நேரத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது மூச்சு. அந்த அம்மாவுக்கு அது கிட்டத்தட்ட பத்துச் சுத்து. இன்னைக்கு அஞ்சுகூட இல்லை. அவங்க கண்ணசரலை தம்பி. மெஷின் விட்ட மூச்சோட உருண்ட மணி அது, மெஷின்தான் எட்டுக்கு இறங்கிடுச்சு. அந்த மெஷின் எதிர்லயே நின்னுக்கிட்டு நீ மூணு தடவை பதினாறுன்னு எழுதியிருக்கே."

"பழக்கத்துல… பார்க்காம எழுதியிருப்பேன்."

"பார்க்காதவன் சிலிண்டர் தீர்ந்ததை எப்படிப் பார்த்தே? அது கசியலை. நீ ஏத்தின ஆக்ஸிஜன்தான் தின்னுடுச்சு. பன்னெண்டுக்கு முன்னாடி எல்லாத்தையும் பழையபடி திருப்பி வெச்சுட்டே."

ஓஹாஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பிள்ளைக்குப் பதினோரு வயசு, கேப்டன். நேத்து என் விரலைப் பிடிச்சா. இவரு அஞ்சு நாளா அசையவே இல்லை. அவ அப்பா கை எப்ப விட்டுப்போகும்னு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். என்னால தாங்கலை."

"அசையக் கூடாதுன்னு மருந்து கொடுத்ததே நான்தானேடா," என்றாள் தஹானி. "நாளைக்குக் காலையில அதை நிறுத்தி, மெஷினை எடுத்துடலாம்னு இருந்தேன். காலை ரவுண்ட்ஸ்ல சொன்னேனே."

"ரவுண்ட்ஸ் அப்ப நான் மாடியில, டாக்டரம்மா. ரெண்டு சிலிண்டர் தூக்கிக்கிட்டு இருந்தேன்."

தஹானி கேப்டனைப் பார்த்தாள். "இவனைக் கூட்டிட்டுப் போனா மூணு மெஷினையும் யார் பார்க்கிறது?"

"தெரியலை அம்மா. கசலாவுக்கு எழுதிப் போடுங்க. நானும் எழுதறேன்." எழுதினால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

3:30. நுஸைபாவை இரண்டாம் கட்டிலுக்கு மாற்றினார்கள். கான்ஸ்டபிள் காவல் நிற்க, ஓஹாஜ் குழாய்களை மாட்டி ஒவ்வொரு எண்ணையும் நர்சிடம் வாய்விட்டுச் சொன்னான். அவற்றைத் தஹானி இன்னொரு முறை சரிபார்த்தாள். இயந்திரம் முதல் மூச்சைத் தள்ளியது.

விலங்கை வாசல் தாண்டி மாட்டிக்கொள்ளலாம் என்று கேப்டன் சொல்லியிருந்தார். ஓஹாஜ் ஜீப் ஏறும்போது ஜாபிர் ஓடிவந்தார். ஒருவரும் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"தம்பி! நீங்கதான் ரெண்டு நாளா பிள்ளைக்கு மெஷின் கேட்டுச் சண்டை போட்டீங்களாமே, நர்சம்மா சொன்னாங்க." அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். மடங்கிப்போன விரல்கள் சரியாகப் பிடிக்கவில்லை. "சாயங்காலம் வந்து ஒரு தடவை பார்த்துடுங்க. வேற யாராவது அவளைத் தொட்டா எனக்குப் பயமா இருக்கு."

ஓஹாஜ் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் ஜீப்பின் மறுபக்கம் போய் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார்.

"இன்னைக்கு வர முடியாதுங்க," என்றான் ஓஹாஜ்.