கை தூக்கினால் எடுக்கலாம்

சட்டைப்பையில் கிடந்த ஃப்ளாஷ் பல்பு இன்னும் சூடு ஆறவில்லை. ஒரு தடவை மின்னினால் கருகிச் செத்துப்போகிற சாமான் அது. திருவிழாத் திடலை விட்டு வில்லியனூர்க் கடைத்தெரு தாண்டி வீடு வந்து, டார்க் ரூம் கதவைச் சாத்தி, ஃபிலிமைக் கழுவிக் காயவைத்த பிறகும் ஜாபர் அலியின் நெஞ்சைச் சுட்டுக்கொண்டேயிருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தார்.

திருவிழாவுக்கு வந்திருந்த மரணக் கிணற்றில், செங்குத்தான பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிளை வட்டமடித்து ஓட்டுகிறவன் கண்ணையன். மேலே விளிம்பில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களிடம் அவன் மனைவி தனக்கொடி தொண்டை கிழியச் சொல்லித்தான் இருந்தாள்.

"படம் எடுக்கறவங்க கேட்டுக்குங்கபா. அவரு கையத் தூக்கினாதான் விளக்கடிக்கணும். அப்பதான் கண்ண மூடிக்குவாரு. தூக்காத அடிச்சிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது."

ஜாபர் அலி பெரிய மனிதராகத் தலையும் ஆட்டினார். கண்ணையன் கை எழும்பியது, இவர் அழுத்தினார். அந்த வெள்ளை வெளிச்சத்தில் வண்டி தடுமாறி மேலேறியது. கண்ணையன் முகம் விளிம்புக் கம்பியில் மோதித் தாடை பிய்ந்து தொங்க, ஆள் அடியில் விழுந்தான். அவன்மேல் வண்டி விழுந்தது. ரத்தம் தெறித்த சட்டையோடு இவர் கூட்டத்தில் நழுவி வந்துவிட்டார்.

கை தூக்கியது சைகையா, இல்லை வியர்வையைத் துடைக்கவா? படத்தில் கண் மூடியிருந்தால் சைகைதான், இவர்மேல் பழியில்லை. திறந்திருந்தால், ஆளைக் கொன்றது இவர்.

சிவப்பு விளக்கின் மங்கலில், மருந்துத் தட்டுகளின் புளிப்பு நெடிக்கு நடுவே, எங்கிருந்தோ பெட்ரோல் வாசனை மெல்ல ஏறிவந்தது. வெளியிலிருந்து மனைவி சபுரா குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க, உள்ள மோட்டர் ஓடறாப்ல சத்தம் கேக்குது?"

"ஒண்ணுமில்ல. நான் சொல்லாத உள்ள வராத, படம் கெட்டுடும்."

அவருக்கும் கேட்டது. சுவருக்குள் எங்கோ, வெகு கீழே, பலகைகள் கடகடவென்று அதிர ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் லாரி போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காகிதத்தை மருந்தில் அமுக்கினார். முதலில் கை தெரிந்தது. புறங்கை நெற்றியில் பதிந்திருந்தது. வியர்வை. அப்புறம் முகம்.

கண் திறந்திருந்தது. அகலமாக. இவரையே பார்த்தபடி.

மேசைமேல் இருந்த கருகின பல்பு மின்னியது.

சுவரெல்லாம் டயர் தடம். தரையிலிருந்து சுற்றிச் சுற்றி மேலே ஏறும் ஈரமான தடம். பிறகு இருட்டு. சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. சத்தம் இப்போது அறைக்குள். இடுப்பு உயரத்தில். பின்னால். முன்னால்.

மீண்டும் மின்னல். காதோரம் கண்ணையன், தொங்கும் தாடையோடு.

அதன்பின் ஜாபர் அலிக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குள் வெள்ளைத் திட்டு மட்டும். கையில் கேமரா ஸ்டாண்டு அகப்பட்டது. வீசினார். காற்று. மறுபடி வீசினார். கதவுப் பக்கம் ஏதோ அசைந்தது. பலமெல்லாம் திரட்டி இறக்கினார். எலும்பு நொறுங்கியது. இன்னொரு அடி. சூடாக முகத்தில் தெறித்தது. இன்னொன்று. இன்னொன்று.

மோட்டார் நின்றது.

"யா அல்லா," என்று மூச்சு விட்டார். "சபுரா! சபுரா, வெளக்க எடுத்தா!"

இருட்டில் கதவைத் தேடிக் கையை நீட்டினார்.

பல்பு மின்னியது. வாசற்படியில் சபுரா மல்லாந்து கிடந்தாள். முகத்தில் பாதி இல்லை. மிச்சமிருந்த கண் திறந்திருந்தது. அடியைத் தடுக்கப் போன கை, தூக்கியபடியே கதவில் சாய்ந்து நின்றது.

பல்பு மறுபடி மின்னியது. மறுபடி.