பேரீச்சங்கொட்டை வீரன்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசிப் பிள்ளைகளுக்கு மைதானம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். போன வருஷம் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தில் குழலி என்கிற குழல்வாய்மொழி கண்டுபிடித்ததுதான் கோட்டைச் சண்டை.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு வரைந்த படம். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வீரன். குழலி கதை சொல்லுவாள். எதிரிகள் எல்லாரும் அவள் கையில். மற்றவர்கள் தங்கள் வீரன் என்ன செய்கிறான் என்று சொல்லிவிட்டுச் சோழியை உருட்டுவார்கள். நன்றாக விழுந்தால் வெற்றி, மோசமாக விழுந்தால் அடி. செத்த வீரனை வராந்தா ஓரத்தில் ஓடுகிற மழைத்தண்ணீரில் வீசிவிடுவார்கள். போனது போனதுதான்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே கூட ஆடுகிற கிச்சாவின் வீரன் அப்படிப் போய்விட்டான். கிச்சா தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய புளியங்கொட்டை அது. இரும்புக்கோட்டைத் தளபதியிடம் வாளைப் பறிகொடுத்து அந்த வீரன் மல்லாந்து கிடந்தான்.

"விழுந்து கெடக்கவனை வெட்டலாமாட்டி?" என்று கிச்சா கெஞ்சினான்.

"எதிரின்னா வெட்டத்தான் செய்வான்" என்று குழலி தண்ணீரில் எறிந்துவிட்டாள். இப்போது கிச்சாவுக்கு வீரன் ஒரு நீலப் பொத்தான்.

யாக்கூபின் வீரன் பேரீச்சங்கொட்டை. துபாயில் வேலை பார்த்த அவன் வாப்பா போன லீவில் கொண்டுவந்த பெட்டியில், கடைசிப் பழத்தின் கொட்டை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீரனும் அதே தளபதியிடம் அடிபட்டு விழுந்தான். அடுத்து தளபதியின் முறை. அதற்குள் வாட்ச்மேன் கேட்டைப் பூட்ட வந்துவிட்டார். குழலி காய்களை ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினாள்.

அன்று வீட்டுக்குப் போன யாக்கூப் மூன்று வாரம் பள்ளிக்கூடம் வரவில்லை. வீட்டுக்குத் தந்தி வந்திருந்தது. கட்டட வேலையில் மேலேயிருந்து விழுந்து அவன் வாப்பா இறந்துபோனார்.

ஒரு திங்கட்கிழமை அவன் வந்தான். சாயங்காலம் வராந்தாவில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான்.

"விட்ட இடத்துலேருந்து ஆடுவோமா?" என்றான்.

குழலி காய்களை எடுத்து வைத்தாள். பேரீச்சங்கொட்டை படுத்துக் கிடந்தது. அதன் தலைமாட்டில் தளபதி, ஒரு கலர் பாட்டில் மூடி. கொஞ்சம் தள்ளி ஈட்டியோடு கிச்சாவின் பொத்தான்.

குழலி தளபதியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "வேற கதை ஆரம்பிப்போம்லே" என்றாள்.

"ஏன்? கிச்சா வீரனைத் தண்ணியில போட்டேல்லா? எனக்கு மட்டும் என்ன? வீட்டுக்கு வாறவங்க எல்லாரும் எங்கிட்ட மெதுவாவே பேசுதாங்க. நீயும் பாவம் பாக்காத."

அவள் கிச்சாவைப் பார்த்தாள். முதலில் வீரனைப் பறிகொடுத்தவன் அவன். அவனுக்கும் ஒரு நியாயம் வேண்டும் அல்லவா?

குழலி பாட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். எதிரே ஒருத்தன் ஈட்டியோடு நிற்கிறான். அவனை விட்டுவிட்டு, எழுந்திருக்கக்கூட முடியாதவனைக் குனிந்து வெட்டுகிற மடையன் தளபதியாக முடியுமா? அப்படியானால் அன்றைக்குக் கிச்சாவின் வீரனை மட்டும் ஏன் வெட்டினான்? அன்றைக்கும் எதிரே யாக்கூபின் வீரன் நின்றுகொண்டுதானே இருந்தான்?

காரணம் அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

"கிச்சா, அன்னைக்கு உன் வீரனைத் தளபதி கொல்லலை. நான்தான் கொன்னேன். என் கதை போரடிக்குன்னு நீ சொன்னேல்லா, அந்தக் கோவம்."

"ஒரு வாரமா தேய்ச்சேன்ட்டி" என்றான் கிச்சா.

"தெரியும்லே. தப்புதான்." அவள் மூடியைப் பொத்தானுக்கு நேரே திருப்பி வைத்தாள். "தளபதி உன்னைப் பாத்துத் திரும்பிட்டான். யாக்கூப் வீரன் அங்கனயே கெடக்கான், உசுரு இருக்கு. உன் முறை."

கோட்டை வாசல் திறந்து கிடந்தது. சோழி ஒரு தடவை நன்றாக விழுந்தால் கோட்டை கிச்சாவுக்கு. ஒரு வருஷமாக அவன் ஆசைப்பட்ட கோட்டை. சோழியைக் கையில் எடுத்துக் குலுக்கினான். பிறகு கீழே வைத்துவிட்டான்.

"நான் சண்டை போடலை. இவனைத் தூக்கிட்டு ஊருக்குப் போறேன்."

யாக்கூப் நிமிர்ந்தான். "தளபதி விடுவானா?"

"அவன் வேலை கோட்டையைக் காக்குறது. கோட்டை வேண்டாம்னு போறவங்களை எதுக்குத் துரத்தப்போறான்?" என்றாள் குழலி.

கிச்சா கொட்டையைப் பொத்தான்மேல் ஏற்றி, கட்டம் கட்டமாக நகர்த்தினான். தாளின் ஓரம் வந்துவிட்டது. அங்கே ஒன்றுமே இல்லை. கோட்டை, அகழி, காடு எல்லாம் வரைந்த குழலி, ஊரை வரைய மறந்திருந்தாள்.

யாக்கூப் அந்த வெற்று ஓரத்தையே பார்த்தான்.

"வாப்பாவை அங்கனயே அடக்கிட்டாங்க. ஊருக்குத் தூக்கிட்டு வர ஆளில்லை."

குழலி பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு வீடு வரைந்தாள். "வேற என்ன போடணும்?"

"வாசல்ல உம்மா நிக்கணும்."

போட்டாள்.

"பக்கத்துல ஒரு பய."

அவனையும் போட்டாள். யாக்கூப் கொட்டையை எடுத்து அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தான்.

"இனிமே செத்தாலும் பரவாயில்லை. ஊருக்கு வந்துட்டான்லா."

"சாவமாட்டான்லே" என்றாள் குழலி. "கதை சொல்லுதது நானாக்கும்."

அப்போதுதான் யாக்கூப் அழுதான். தந்தி வந்த நாளிலிருந்து அவன் அழவே இல்லை. கிச்சாவும் குழலியும் ஆளுக்கொரு பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவன் அழுது முடிக்கிறவரைக்கும் யாரும் சோழியைத் தொடவில்லை.