பச்சைத் தட்டு

விடுமுறை முடிந்து நான் விடுதிக்குத் திரும்பியது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய்க் கதை சொல்ல வந்துவிட்டு வெயிலில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீர்கள். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில், நூறு பெண்கள் தட்டும் கரண்டியுமாகச் சத்தம் போடும் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நடந்தது. அதற்கு இருட்டு எவ்வளவோ தேவலை. இருட்டில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவாவது முடியும்.

விடுதிக் காப்பாளர் என் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார்.

“வேற ரூம் தரவா?”

“வேணாம் மேடம்.”

“தனியா இருந்துப்பியா?”

“இருந்துப்பேன்.”

மூன்றாவது மாடி, கடைசி அறை. இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரே ஒரு ஜன்னல். அவளுடைய மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பினாயில் வாடைக்கு அடியில் அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை இன்னும் மிச்சம் இருந்தது. ஜன்னல் விளிம்பில் அவளுடைய காபிக் கோப்பை. அடியில் கறுப்பாகக் காய்ந்து கிடந்தது. அதைக் கழுவி என் மேசையில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் என் அறைத்தோழி. என்னைப் பூசணி என்றுதான் கூப்பிடுவாள். முதலாண்டில் நான் அப்படித்தான் இருந்தேன். சிப்ஸ் பாக்கெட், குளிர்பானம், விடிய விடியப் போன். முகமெல்லாம் பரு. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். என் தட்டைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “இது தட்டாடி, குப்பைத்தொட்டியா?” என்பாள்.

அவள்தான் ‘பச்சைத் தட்டு’ என்று போனில் ஒரு பக்கம் ஆரம்பித்தாள். விடுதிச் சோற்றிலேயே ஒரு மாணவி ஒழுங்காகச் சாப்பிட முடியும் என்று காட்டுகிற பக்கம். தினமும் மதியம் ஒன்றேகாலுக்கு ஒரு தட்டின் படம் வரும். பாதித் தட்டில் கீரையும் காயும், மீதியில் கொஞ்சம் சோறு, கொஞ்சம் பயறு அல்லது ஒரு முட்டை. கீழே ஒரு வரி அறிவுரை. ‘போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்’ என்பதையும் போனில்தான் எழுதினாள். மூன்றே மாதத்தில் நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். கல்லூரி நலக்குழு அவளை மேடை ஏற்றிக் கோப்பை கொடுத்தது. சாப்பாட்டுக் கூடச் சுவரில் அவள் சிரிக்கும் படத்தை ஒட்டி, ‘நம் விடுதியின் ஆரோக்கிய முகம்’ என்று கீழே எழுதியும் வைத்தார்கள்.

அந்தத் தட்டு அவளுடையது அல்ல. என்னுடையது.

தினமும் எனக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்காருவாள். கையில் காபிக் கோப்பை மட்டும் இருக்கும். “ஒரு நிமிஷம்டி பூசணி. கைய வைக்காத.” என் தட்டில் காய்களை ஒதுக்கிவிடுவாள். எவர்சில்வர் தம்ளரைப் பக்கத்தில் நகர்த்துவாள். “லேசா வெளிச்சத்துப் பக்கம் திருப்பு” என்பாள். நான் தட்டின் விளிம்பைப் பிடித்துத் திருப்புவேன். ஒரு படம் எடுப்பாள். “ம், இப்போ சாப்பிடு.”

“நீ?”

“நான் அப்புறம்.”

அந்த அப்புறம் வரவே இல்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. படத்துக்கு அழகாக இருக்க வேண்டுமே என்று என் தட்டில் கீரை ஏறியது, சிப்ஸ் இறங்கியது. எதிரில் உட்கார்ந்து என் போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி அதட்டுவாள். நாலு மாதத்தில் பரு மறைந்தது. மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன். நாற்பதாயிரம் பேரில் அந்தப் பக்கத்தால் உருப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் தேறத் தேற அவள் தேய்ந்தாள். போன் பார்க்கும் நேரத்தை ஒரு மணி நேரமாகக் கட்டுப்படுத்தியிருந்தாள். நேரம் முடிந்தால் திரை சாம்பல் நிறமாகும், ‘இன்னும் பதினைந்து நிமிடம்’ என்று ஒரு பொத்தான் வரும். அதை அமுக்கி அமுக்கியே இரவைத் தள்ளுவாள். ‘இவ்வளவு சாப்பிட்டும் எப்படி இவ்வளவு ஒல்லியா இருக்கீங்க?’ என்று யாரோ எழுதியதை எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. தோழியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற பெரிய மனசெல்லாம் இல்லை. அந்தப் பக்கத்துக்குக் கிடைத்த பேரில் எனக்கும் பங்கு உண்டு என்று உள்ளுக்குள் ஒரு பெருமை, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் ஒரு முழு ஆளையே மறைத்தோம்.

தேர்வு வாரத்தில் குளியலறையில் விழுந்தாள். உடம்பில் சத்தே இல்லை, இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவளுடைய அம்மா நம்பவே இல்லை. தையல் வேலை செய்து தனியாளாக மகளை வளர்த்தவர். அறையில் இருந்த சாமான்களை எடுக்க வந்தபோது என்னைத்தான் கேட்டார்.

“நல்லாத்தானேம்மா சாப்பிட்டா? தினம் படம் பாப்பேனே. கூடவே இருந்தவ நீ. நீ சொல்லு.”

“நல்லா சாப்பிட்டா ஆன்ட்டி.”

அவர் என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். என் கட்டைவிரலில், இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். ஆறுதலுக்காகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

விடுமுறைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமைதான் நான் முதலில் சொன்னது. மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். சுவரில் இருந்த படத்தைக் கிழித்துவிட்டிருந்தார்கள். நாலு மூலையிலும் ஒட்டுநாடா மட்டும் மிச்சம் இருந்தது. கால் பழக்கத்தில் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தேன். தட்டில் கீரை, கேரட், ஒரு முட்டை. சாப்பிடக் கை நீட்டினேன்.

எதிர் நாற்காலி தரையில் உரசி நகர்ந்தது.

யாரும் இல்லை.

தலை எண்ணெய் வாசனை வந்தது. கூடவே காபி வாசனை.

கவிழ்த்து வைத்திருந்த என் போன் மேசையில் அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தேன். பச்சைத் தட்டில் புதுப் படம். நேரம் ஒன்றேகால்.

படத்தில் என் தட்டு. அதே கீரை, அதே கேரட், அதே முட்டை. பக்கத்தில் என் தம்ளர். விளிம்பில் என் கட்டைவிரல், தழும்போடு. எதிர் நாற்காலியிலிருந்து எடுத்த படம்.

யாரோ அவள் கணக்குக்குள் புகுந்து விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் இடத்தை மாற்றினேன். மேசையைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

சுவர்ப் பக்கத்திலிருந்து எடுத்த படம் வந்தது.

அதோடு நிற்கவில்லை. படம் வந்த பிறகு தட்டில் இருப்பதற்குச் சுவை இருக்காது. மென்றால் நனைந்த காகிதத்தை மெல்வது போல இருக்கும். தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தாலும், ஒன்றும் தின்னாதவளைப் போலப் பசி அப்படியே நிற்கும். மூன்று வாரத்தில் என் உடையெல்லாம் தொளதொளத்தது. இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வகுப்புத் தோழிகள், “டயட்டாடி? சூப்பரா இருக்க!” என்றார்கள். கேட்கும்போது, வெட்கக்கேடு, ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒருநாள் பிடிவாதமாக மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை. படம் வரவில்லை. அப்பாடா என்று கட்டிலில் சாய்ந்தேன். மூன்று மணிக்கு அவள் அம்மா போனில் கூப்பிட்டார்.

“இன்னைக்குப் படம் வரலையே கண்ணு. நீ சாப்பிடலையா?”

அவள் சாப்பிடலையா என்று கேட்கவில்லை. நீ சாப்பிடலையா என்றுதான் கேட்டார்.

இனி பொய்யோடு இருக்க முடியாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லி அவர் காலில் விழுந்தால், அவள் என்னை விட்டுவிடுவாள் என்று நம்பினேன். மறுநாள் காலையே பேருந்து ஏறினேன்.

இரண்டே அறை கொண்ட வீடு. ஜன்னலோரம் தையல் இயந்திரம், அதைச் சுற்றித் துணி வெட்டல்கள். சுவர் அலமாரியில் அவளுடைய போன், அன்று விழுந்ததில் திரை சிதறி, செத்துக் கிடந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தட்டு என்னுடையது, அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், உங்களிடமும் பொய் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“தெரியும்மா.”

“ஆன்ட்டி?”

“பெத்தவளுக்கு மக விரல் தெரியாதா? முதல் மாசமே தெரியும். அந்தக் கட்டைவிரல் அவளோடது இல்லன்னு.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“கேட்டா ஆமான்னு சொல்லிடுவாளேன்னு கேக்கல. தினம் மத்தியானம் ஒரு நல்ல தட்டப் பாத்தா எனக்கு மனசு நிறைஞ்சுது. அது போதும்னு இருந்துட்டேன்.” நூலைப் பல்லால் கடித்தார். “நீயும் நானும் ஒண்ணுதான்.”

என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, அழுதுவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவர் எழுந்து எனக்குச் சோறு போட்டார்.

பாதித் தட்டில் கீரையும் காயும், கொஞ்சம் சோறு, கொஞ்சம் பயறு, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். மேசைக்கு இரண்டு நாற்காலிதான். ஒன்றில் என்னை உட்காரவைத்தார். எதிரில் இருந்ததை லேசாக வெளியே இழுத்துவிட்டு, தான் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டார். கடிகாரத்தில் மணி ஒன்று பன்னிரண்டு.

“நான் சாப்பிட வரல ஆன்ட்டி. எனக்கு ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குது. எளைச்சுக்கிட்டே போறேன். பாருங்க என் கைய.”

“தெரியுது.”

“நான் செத்துடுவேன் ஆன்ட்டி.”

அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துவிடலாம் என்று தட்டைத் தள்ளப் போனேன்.

“ஒரு நிமிஷம்மா. கைய வைக்காத.”

நாற்காலி உரசியது.

எண்ணெய் வாசனை என் முகத்துக்கு நேரே வந்தது.

அவருடைய போன் ஒலித்தது. பார்த்தவுடன் அவர் முகம் பூத்தது. அந்தப் பூரிப்பை மட்டும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. என் பக்கத்தில் குனிந்து போனைக் காட்டினார். என் தட்டின் படம்தான். அவர் இரண்டு விரலால் தம்ளரைப் பெரிதாக்கினார்.

“நீ தட்ட மட்டுந்தான் பாத்துருப்ப. நான் இதத்தான் பாக்குறேன்.”

தம்ளரின் பளபளப்பில், படம் எடுப்பவளின் முகம் வளைந்து தெரிந்தது.

“முதல் நாளு வெறும் எலும்புதாம்மா. கண்ணு ரெண்டும் குழி.” ஒவ்வொரு நாளின் படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். நாளுக்கு நாள் அந்த முகம் நிரம்பிக்கொண்டே வந்தது. “இப்போ பாரு. கன்னத்துல சதை போட்டிருக்கு. உயிரோட இருந்தப்பகூட இப்படி இல்ல.”

பிறகு என் தலையைத் தடவிக்கொடுத்தார். அத்தனை பாசமாக.

“நீ சாப்பிடும்மா. நல்லா சாப்பிடு. அவ இப்பத்தான் சாப்பிட ஆரம்பிச்சிருக்கா.”

எப்படி வெளியே வந்தேன், எந்தப் பேருந்தில் ஏறினேன் என்று நினைவில்லை. ஒரு செருப்பை அங்கேயே விட்டிருக்கிறேன். கல்லூரியை விட்டேன். என் கணக்குகளை எல்லாம் அழித்து, போனைக் குளத்தில் வீசினேன். வெகுதூரத்தில் வேறு ஊரில், யாருக்கும் முகவரி தராமல், ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். என்னிடம் இருப்பது படம் எடுக்கத் தெரியாத பழைய பட்டன் போன். எண் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். அறையில் ஒரே ஒரு நாற்காலி. வேண்டுமென்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன். தம்ளர் கிடையாது, தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ரொட்டிக்கு ரொட்டியின் ருசி திரும்பியது. ஒருநாள் வயிறு நிறைந்து ஏப்பம் விட்டபோது அழுதேவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்குப் போகச் சோம்பல். மதியத்துக்கு இரண்டு ரொட்டி, ஒரு முட்டை, அவ்வளவுதான். கட்டிலில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்து முதல் வாயை மென்றேன்.

நனைந்த காகிதம்.

பட்டன் போன் ‘டிங்’ என்றது. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி.

‘இன்னைக்குத் தட்டுல கீரை இல்லையே கண்ணு?’