உள்ளே இருப்பது பூனை அல்ல

"ஐயோ... என் முறுக்கு!"

ஆட்டையாம்பட்டியைத் தாண்டிய பஸ்ஸில் தூக்கம் கலைந்து அலறினான் தமிழரசு. ஆந்திராவில் போர்வெல் லாரியில் வேலை பார்ப்பவன். ஊருக்குத் திரும்பும் வழியில் அம்மாவுக்கு வாங்கிய முறுக்குப் பொட்டலம், ஜன்னல் வழியாக மழைக்குள் பறந்துகொண்டிருந்தது. எறிந்தவள் முன் சீட்டில் ஏறி நின்று கைதட்டினாள்... ஆறு வயதுக் கனிஷ்கா.

"அத்தே, பறந்து போச்சு!"

"புள்ள வளக்கற லட்சணமா இது? ரெண்டு வெச்சாத்தானுங்க அடங்கும்!"

குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டு திரும்பினாள் அத்தை நித்யஸ்ரீ. சாரலில் நனைந்த இமைகள்... அவற்றுக்குள் நெருப்பு.

"காச்ச வந்த புள்ளைய அடிப்பீங்களா?"

"இது காச்சலுங்களா?"

"அது மாதிரித்தான். இவளால ஒரு எடத்துல இருக்க முடியாதுங்க. வேணும்னு பண்றதில்ல. அதுக்குத்தான் சேலத்துக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். முறுக்கு வாங்கித் தந்தர்றேன்... அடிக்க மட்டும் சொல்லாதீங்க."

"வேண்டாமுங்க. நீங்க பேசறதே முறுக்க விட மொறுமொறுன்னு இருக்குது!"

சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள் அவள்.

அவர்கள் இருவரும் மல்லசமுத்திரத்தில் இறங்கினார்கள். தேங்கிய தண்ணீரைக் கண்டதும் கனிஷ்கா குதித்தாள். அதட்டுவாள் என்று பார்த்தால்... அத்தையும் கூடவே குதித்தாள்! "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டே. பஸ் கிளம்பியது. தமிழரசின் கழுத்து மட்டும் திரும்பவே இல்லை...

அடுத்த மாதம் நித்யஸ்ரீயைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை யாரென்று அவள் கேட்கவில்லை. இதுவரை வந்த சம்பந்தமெல்லாம் குழந்தையைப் பார்த்ததும் தட்டிப்போயிருந்தது. அதனால் அப்பா சென்னியப்பன், பேத்தியை உள்ளறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

காப்பித் தட்டோடு நிமிர்ந்தாள். இவனா...! ரெண்டு வைக்கச் சொன்னவன்!

தொம்... தொம்... உள்ளறைக் கதவு அதிர்ந்தது.

"என்னங்க சத்தம்?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா செல்லியம்மாள்.

"அது... பூனைங்க," என்றார் சென்னியப்பன், நெற்றியைத் துடைத்தபடி.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்றது பூனை.

"பூனை நல்லா எண்ணுதுங்களே!" என்றான் தமிழரசு.

கேலியா? நித்யஸ்ரீக்குக் கன்னம் எரிந்தது. இப்போது பேசாமல் நின்றால், கனிஷ்கா காலத்துக்கும் பூனைதான்.

தட்டைக் கீழே வைத்தாள்.

"வேண்டாங் கண்ணு..." அம்மா பாவாயி கிசுகிசுப்பதற்குள் தாழ்ப்பாள் திறந்துவிட்டது. சூறாவளியாய் வந்தாள் கனிஷ்கா. ஒரு தம்ளர் உருண்டு செல்லியம்மாளின் பட்டுச்சேலையில் காப்பி.

"இவ எங்கண்ணன் மக," என்றாள் நித்யஸ்ரீ. "ரெண்டு பள்ளிக்கூடத்துல வேண்டாம்னுட்டாங்க. இப்ப இருக்கற டீச்சரு பலகை அழிக்க, தண்ணி கொண்டாரன்னு நடமாட உட்டு, நடுவுல நடுவுல சொல்லிக் குடுக்கறாங்க. படிக்கறா. இவளப் பூனைன்னு சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் ஆகோணும்னா, அந்தக் கல்யாணமே வேண்டாமுங்க. கட்டிக் குடுத்தாலும் புதங்கெழமையானா நாந்தான் சேலம் கூட்டிட்டுப் போவேன்."



"நாளைக்கு நம்மூட்டுலயும் இப்படி ஒண்ணு பொறந்தா?" செல்லியம்மாள் மகனைப் பார்த்தாள்.

"பொறக்கட்டுமே அம்மா. பாத்துக்கத் தெரிஞ்சவ ஊட்டுல இருப்பாளல்ல?"

அதற்குள் கனிஷ்கா, செல்லியம்மாளின் துணிப்பையில் அச்சடித்திருந்ததை விரல் வைத்துக் கூட்டினாள். "சே... ல... ம்... சேலம்!"

"அட... படிக்குதே!" செல்லியம்மாளின் முகம் விரிந்தது. நகர்ந்து இடம் விட்டாள். "பக்கத்துல உக்காரு சாமி... நிக்கறதுன்னாலும் நில்லு."

சென்னியப்பன் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

வாசலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் உள்ளே தேதி பேச, தமிழரசு தயங்கித் தயங்கி அங்கே நின்ற நித்யஸ்ரீயின் அருகே வந்தான்.

"அன்னைக்கு மழையில நீங்களும் குதிச்சீங்கல்ல... அப்பவே..."

"அப்பவே?"

"மல்லசமுத்திரம் பூரா விசாரிச்சுட்டுத்தானுங்க வந்தேன். அடிக்கச் சொன்னது என் தப்பு. அதச் சொல்லோணும்னுதான்... அப்புறம்..."

"அப்புறம்?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உங்கள எனக்குப் புடிச்சுப்போச்சுங்க..." என்று கிசுகிசுத்தான்.

எதையும் ஒளித்து வைக்க இனி அவளுக்கு மனமில்லை. தலையை நிமிர்த்தி, உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கும் உங்களப் புடிச்சிருக்குதுங்க!"